நிழலும் ஓர் அமானிதம்

பிறருடைய பொருள் நம் கைக்கு வந்து சேரும் வழிகள் பல. பிக்ஹுக் கிதாபுகள் அவற்றைத் தனித்தனிப் பாடங்களாக வகுத்துப் பேசுகின்றன. அவற்றுள் இரண்டை மட்டும் இங்கே நினைவூட்ட விரும்புகின்றோம். ஒன்று ‘வதீஅத்’, அதாவது, உரியவர் நம்மை நம்பி ஒப்படைத்த பொருள். மற்றொன்று ‘லுகத்தா’, அதாவது, உரியவர் இன்னாரென்று தெரியாமல் வழியிலே கிடக்கக் கண்டு எடுத்த பொருள். ஒப்படைத்த பொருளை நம் பொருளைப் போலவே காக்க வேண்டும். உரியவர் அனுமதியின்றிப் பயன்படுத்தலாகாது. கேட்டபோது மறுக்காமல் திருப்பித் தர வேண்டும். கண்டெடுத்த பொருளுக்கோ சட்டம் வேறு. அதனை ஊரறிய விளம்பரம் செய்ய வேண்டும். குறித்த காலம் கடந்தும் எவரும் வரவில்லையெனில் எடுத்தவர் அதனைக் கொண்டு பயன்பெற வழியுண்டு. இதில் மத்ஹபுகளுக்கிடையே நுணுக்கமான வேறுபாடுகள் உள்ளன. ஆயினும் உரியவர் பின்னர் வந்து நின்றால் அவருடைய உரிமை அழிந்துபோவதில்லை என்பதே அடிப்படை.

இவ்விரு பாடங்களையும் முப்பது ஆண்டுகளாக மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்து வருகின்றோம். பணப்பை, தானிய மூட்டை, வழிதவறிய ஆடு ஆகியவற்றையே எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். புகைப்படங்களைப் பற்றிச் சிந்திப்பதற்கும் இப்பாடங்கள் துணைநிற்கும் என்பதைச் சென்ற ஆண்டில்தான் கண்டோம்.

நம்மிடம் முன்னாளில் ஓதிய மாணவர் ஒருவர் இன்று திருமணப் படங்கள் எடுத்துப் பிழைக்கின்றார். தொழில் அதுவாயினும், உலகின் பெரும் புகைப்படக் கலைஞர்களின் நூல்களைத் தேடிப் பார்ப்பதிலே அவருக்குத் தீராத ஆசை. ஒருநாள் மாலை கனத்த இரண்டு படநூல்களைச் சுமந்துகொண்டு நம் இல்லம் வந்தார். நம் கடற்கரை ஊரில் அறபுத்தமிழ் எழுத்தில் அமைந்த மாலைகளையும் முனாஜாத்துகளையும் இராகத்தோடு ஓதும் மூதாட்டியர் இன்னும் சிலர் வாழ்கின்றனர். அவர்களைப் படமெடுத்து ஒரு நூலாக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். நூலின் தலைப்பையும் முடிவு செய்திருந்தார்: ‘மறையும் மரபு’.

“ஹஜ்ரத், இது ஆகுமா?” என்று கேட்டார்.

கேள்வி சிறிது, அதனுள்ளே இரண்டு கேள்விகள் இருந்தன. படமெடுப்பது ஆகுமா என்பது ஒன்று. அது பழைய மஸ்அலா. எகிப்தின் முஃப்தியாக 1914 முதல் 1920 வரை விளங்கிய ஷெய்கு முஹம்மது பகீத் அல்-முதீயீ அவர்கள் இதற்கெனத் தனி ஏடே எழுதினார்கள். கருவியின் துணையால் ஒளிப்படம் எடுப்பது புதிதாக ஓர் உருவைப் படைப்பதாகாது. கண்ணாடியில் விழும் நிழலைப் போன்றதொரு நிழலைத் தடுத்து நிறுத்தி வைப்பதேயாகும் என்பது அவர்களின் வாதம். அதை ஏற்றவர்களும் உண்டு; பேணுதல் கருதி ஏற்காதவர்களும் உண்டு. இரு சாராரும் நம் மதிப்புக்குரியவர்களே. கடவுச்சீட்டும் அடையாள அட்டையும் வந்தபின் அவ்விவாதத்தின் வேகம் பெரிதும் தணிந்துவிட்டது.

மற்றொரு கேள்வியோ இன்னும் தணியவில்லை. நிழலைப் பிடித்து வைத்தாயிற்று. அந்த நிழல் யாருக்கு உரியது? பிடித்தவருக்கா, நிழலுக்குரியவருக்கா? மாணவர் விட்டுச்சென்ற இரு நூல்களையும் பல இரவுகள் புரட்டினோம். அவற்றைப் பற்றிய செய்திகளையும் தேடிப் படித்தோம். அவ்விரண்டும் இக்கேள்விக்கு இருவேறு விடைகளைக் கூறுவதாகவே நமக்குத் தோன்றியது.

முதல் நூலுக்குரியவர் எட்வர்ட் கர்ட்டிஸ். 1868-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பிறந்து, சியாட்டில் நகரில் புகைப்பட நிலையம் நடத்தியவர். அந்நகருக்குப் பெயர் தந்த பூர்வகுடித் தலைவரின் மகள், முதிர்ந்த வயதில் கடற்கரையில் சிப்பி பொறுக்கி வறுமையில் வாழ்ந்துவந்தார். 1896-இல் மறைந்த அம்மூதாட்டியே கர்ட்டிஸ் எடுத்த முதல் பூர்வகுடிப் படங்களுக்குரியவர் என்பர். பின்னர் 1906-இல் ஜே. பி. மோர்கன் என்னும் பெருஞ்செல்வர் ஐந்தாண்டுகளுக்கு 75,000 டாலர் தர இசைந்தார். ‘வட அமெரிக்க இந்தியர்’ என்னும் தொகுதிகள் 1907-இல் தொடங்கி 1930-இல் இருபதாம் தொகுதியோடு நிறைவுற்றன. எண்பதுக்கும் மேற்பட்ட இனத்தார், நாற்பதாயிரம் படங்கள், மெழுகு உருளைகளில் பதிந்த ஆயிரக்கணக்கான பாடல்களும் பேச்சுகளும். ஒரு மனிதரின் முப்பதாண்டு உழைப்பு இது. அதற்காக அவர் குடும்பத்தையும் உடல்நலத்தையும் செல்வத்தையும் இழந்தார். இதனை மதியாமல் பேசுவது நீதியாகாது.

ஆயினும் அத்தொகுதிகளின் வாயிலிலே நிற்கும் படத்தைப் பாருங்கள். நவஹோ இனத்தவர் சிலர் குதிரைமீது வரிசையாகச் சென்றுகொண்டிருக்கின்றனர். அனைவரின் முதுகுமே நமக்குத் தெரிகின்றது. அவர்கள் இருளை நோக்கிச் செல்கின்றனர். 1904-இல் எடுத்த அப்படத்துக்குக் கர்ட்டிஸ் இட்ட பெயர் ‘மறைந்துபோகும் இனம்’. முழுப்பணிக்கும் அதுவே அவர் வைத்த முகவுரை. இம்மக்கள் அழிந்துபோவது உறுதி. அதற்குமுன் அவர்களுடைய சடங்குகளையும் நம்பிக்கைகளையும் முகங்களையும் எடுத்து வைத்துவிட வேண்டும். இதுவே அவருடைய எண்ணம். அந்நாளைய கற்றோர் பலரின் எண்ணமும் அதுவே.

எண்ணம் படத்தை எவ்வாறு ஆட்டுவிக்கும் என்பதற்கு ஒரு சான்று. 1910-ஆம் ஆண்டளவில் பீகன் இனத்தார் கூடாரத்தினுள் கர்ட்டிஸ் ஒரு படம் எடுத்தார். லிட்டில் ப்ளூம் என்பவரும் அவர் மகனும் அமர்ந்திருக்க, இருவருக்கும் நடுவே ஒரு கடிகாரம் இருந்தது. அச்சில் வந்த படத்தில் அக்கடிகாரம் இல்லை, அழிக்கப்பட்டுவிட்டது. பூர்வகுடியார் என்றால் கடிகாரம் வைத்திருக்கலாகாது என்பது வாங்கிப் பார்ப்போரின் எதிர்பார்ப்பு. அம்மனிதரோ விலைகொடுத்து வாங்கிய கடிகாரத்தைத் தம் பொருள்களின் நடுவே மதிப்புடன் வைத்திருந்தார். ஒப்படைத்த பொருளில் ஒரு பகுதியைத் தட்டிக்கழித்துவிட்டு மீதியைக் காட்டினால் அதற்குக் கிதாபிலே பெயர் கியானத். அழிந்தது சிறியதொரு கடிகாரம்தானே என்று எண்ணலாகாது. அக்கடிகாரத்தோடு அவருடைய நிகழ்காலமும் அழிந்தது. நாளைக்கும் அவர் இருப்பார் என்னும் குறிப்பும் அழிந்தது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அம்மக்களின் சடங்குகள் தாமாக மறையவில்லை. 1883-இல் அமெரிக்க அரசு வகுத்த விதிகள் அவர்களுடைய சமய நடனங்களைக் குற்றமாக்கின. கனடாவில் பொட்லாட்ச் என்னும் கொடைவிழாவுக்கு 1885-இல் விழுந்த தடை 1951 வரை நீடித்தது. பிள்ளைகளை உறைவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்று தாய்மொழி பேசினால் தண்டித்தனர். பூர்வகுடியாரின் சமய உரிமையைக் காக்கும் சட்டம் அமெரிக்காவில் 1978-இல்தான் வந்தது. ஒருவர் வீட்டுக்குத் தீ மூட்டிவிட்டு, ‘ஐயோ, எரிகின்றதே’ என்று படமெடுப்பது போன்ற நிலை அது. தீ மூட்டியவர் கர்ட்டிஸ் அல்லர் என்பது உண்மை. ஆனால் அவர் எடுத்த படத்தில் தீயும் இல்லை, மூட்டியவரும் இல்லை. அந்திமாலையின் அழகு மட்டுமே இருக்கின்றது.

‘மறைந்துபோகும் இனம்’ என்னும் ஒரு சொல் செய்த வேலை இங்கேதான் விளங்குகின்றது. உரியவர் கண்முன்னே நிற்கும்போதே, அவருடைய பொருளை உரியவர் அற்ற பொருளாக, வழியிலே கிடந்து கண்டெடுத்த பொருளாக அது மாற்றிவிட்டது. வதீஅத்தாகப் பேணியிருக்க வேண்டியது லுகத்தாவாகிப் போனது. ‘உரியவர் எங்கே?’ என்று விளம்பரம் செய்ய வேண்டிய கடமைகூட அங்கே எழவில்லை, உரியவர்தாம் மறைந்துகொண்டிருக்கின்றாரே!

இப்படங்களுக்கு நேர்ந்ததைக் கேட்டால் வியப்படைவீர்கள். ஐந்நூறு பிரதிகள் திட்டமிட்டு, முந்நூறுக்கும் குறைவாகவே உருவாயின. பெருஞ்செல்வரும் பெரிய நூலகங்களுமே வாங்கத்தக்க விலை அவற்றுக்கு. படத்திலிருந்தவர்களுக்கு அவை எட்டாத உயரம். 1935-இல், மிஞ்சிய பிரதிகளையும் செப்புத் தகடுகளையும் பாஸ்டன் நகரப் புத்தக வணிகர் ஒருவர் ஆயிரம் டாலர் தந்து வாங்கினார். அவற்றுட் பெரும்பகுதி கடையின் நிலவறையில் பல்லாண்டுகள் கிடந்து, 1970-களில்தான் மீண்டும் வெளிச்சம் கண்டது. கர்ட்டிஸ் 1952-இல் இறந்தபோது அவரை நினைத்தவர் சிலரே.

மறையவிருந்த இனத்தார் என்ன ஆயினர்? 1900-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் அமெரிக்கப் பூர்வகுடியார் இரண்டரை இலட்சத்துக்கும் குறைவு. 2020-ஆம் ஆண்டுக் கணக்கில், கலப்பு மரபினராகத் தம்மைக் குறித்தோரையும் சேர்த்து, ஏறத்தாழ 97 இலட்சம். அவர்களுட் பலர் இன்று அந்தப் பழைய படங்களில் தம் பாட்டனாரின் முகத்தைத் தேடிக் கண்டு மகிழ்கின்றனர். உரியவர் வந்து நின்றுவிட்டார். அவருடைய உரிமை அழியவில்லை.

அவர்களுள்ளிருந்தே காமிராவை ஏந்தியவர்களும் தோன்றினர். ஓக்லஹோமாவைச் சேர்ந்த கயோவா இனத்தவரான ஹொரேஸ் பூலா, 1906-இல் பிறந்து 1984-இல் மறைந்தவர். தம் உறவினரை அரை நூற்றாண்டுக்கு மேலாகப் படமெடுத்தார். இறகுமுடி அணிந்தவர் மோட்டார் வண்டியில் அமர்ந்திருப்பார்; படைவீரர் சீருடையில் விடுமுறைக்கு வந்திருப்பார். எதையும் அவர் அழிக்கவில்லை. படத்தின் பின்புறத்தில், இது பூலாவின் படம், இந்தியர் ஒருவர் எடுத்தது என்று முத்திரை குத்தினார். ஸ்வினோமிஷ், துலாலிப் இனங்களைச் சேர்ந்த மாட்டிகா வில்பர் என்னும் பெண்மணி, அந்நாளில் அரசு ஏற்றிருந்த 562 இனங்களையும் கண்டு படமெடுப்பதென்று 2012-இல் பயணம் தொடங்கினார். அந்நூல் 2023-இல் வெளிவந்தது. அவர் படங்களில் மனிதர் நம்மை நோக்கி நிற்கின்றனர்.

இரண்டாவது நூலுக்குரியவர் கிளாடியா ஆண்டுஜார். 1931-இல் சுவிட்சர்லாந்தில் பிறந்து, ருமேனிய எல்லையில் உள்ள ஒராதியா நகரில் வளர்ந்தவர். தந்தையார் யூதர். இரண்டாம் உலகப்போரின்போது தந்தையும் தந்தைவழி உறவினர் பெரும்பாலோரும் நாஜிகளின் முகாம்களில் மாண்டனர். தாயோடு தப்பிப் பிழைத்த அச்சிறுமி, பின்னர் நியூயார்க் சென்று, 1955-இல் பிரேசிலில் குடியேறினார். மொழி தெரியாத நாட்டில் மக்களோடு பழகுவதற்குக் காமிராவையே மொழியாகக் கொண்டார். 1971-இல் ஒரு மாத இதழின் பணிக்காக அமேசான் காட்டுக்குச் சென்றபோது யனோமாமி மக்களைக் கண்டார். பிரேசிலுக்கும் வெனிசுவேலாவுக்கும் இடைப்பட்ட பெருங்காட்டில் வாழும் இனம் அது.

அவர் மீண்டும் மீண்டும் அங்கே சென்றார். பல மாதங்கள் உடன் தங்கினார். வட்டமான பெருங்கூடத்தில் பல குடும்பங்கள் ஒன்றாக வாழும் வழக்கம் அவர்களுடையது. உள்ளே மங்கிய வெளிச்சம். எண்ணெய் விளக்கை வைத்தும், நீண்ட நேரம் ஒளியை உள்வாங்கச் செய்தும், வில்லையின் விளிம்பில் வாசலின் தடவியும் படமெடுத்தார். கூரையின் துளை வழியே இறங்கும் ஒளிக்கற்றை அப்படங்களில் கண்கூடாக நிற்கின்றது. யனோமாமியருள் ஷாபோரி எனப்படும் ஆன்ம வைத்தியர், காட்டின் ஒவ்வோர் உயிருக்கும் உரிய உருவங்களைத் தாம் காண்பதாக நம்புகின்றனர். வானம் இடிந்து விழாமல் தாங்குவதும் தம் கடமை என்பது அவர்கள் கொள்கை. தம்மைப் படைத்த ஓமாமா மண்ணுக்கடியில் உலோகங்களை மறைத்து வைத்தார் என்றும், அவற்றைத் தோண்டி எடுத்தால் நோய்ப்புகை எழும் என்றும் கூறுகின்றனர். நம் ஈமானுக்கும் அவர்களுடைய நம்பிக்கைக்கும் இடையே உள்ள தொலைவை நாம் அறிவோம். ஆயினும் பொன் தேடித் தோண்டியவர்கள் ஆற்றிலே பாதரசத்தைக் கலந்ததையும், அவர்களோடு மலேரியாவும் பிற நோய்களும் வந்து மக்களைக் கொன்றதையும் படித்தபோது, அந்தக் கூற்றை எள்ளி நகையாட நமக்கு நா எழவில்லை.

உருவத்தைப் பற்றிய அவர்களுடைய கொள்கையே நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது. ஒருவர் இறந்தால் அவருடைய பொருள்கள் அனைத்தையும் அழித்துவிடுவர். அவர் பெயரை வாயால் சொல்லார். உருவம் ஒருவருடைய உயிரின் பகுதி. ஆகவே இறந்தவரின் படம் எங்கோ இருப்பது இருப்போரின் துயரை வளர்க்கும் என்பர். படம் எடுப்பதற்கு அவர்கள் தயங்கியதன் காரணம் இதுவே.

இதைப் படித்தபோது நம் உஸ்தாத் அவர்களின் நினைவு வந்தது. தம் ஹயாத்தில் ஒரே ஒருமுறைதான் அவர்கள் காமிராவின் முன் அமர்ந்தார்கள். அதுவும் ஹஜ்ஜுப் பயணக் கடவுச்சீட்டுக்காக. மவுத்துக்குப்பின், அச்சிறு படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டலாம் என்று பிள்ளைகள் விரும்பினர். உஸ்தாதின் மனைவியார் மறுத்துவிட்டார்கள். “அவர்கள் ஹயாத்தாக இருந்தபோது விரும்பாததை, வாய் பேச முடியாத இப்போது செய்யலாமா?” என்று கேட்டார்கள். பிள்ளைகள் வாயடைத்து நின்றனர். கொள்கையால் யனோமாமியருக்கும் அவ்வம்மையாருக்கும் ஓர் உறவும் இல்லை. நிழலுக்கு உரியவர் ஒருவர் உண்டு, இறந்தபின்னும் உண்டு என்று உணர்ந்ததில் இருவரும் ஒருவரே.

1973-இல் பிரேசில் இராணுவ அரசு யனோமாமியரின் காட்டை ஊடறுத்துச் சாலை போடத் தொடங்கியது. அத்துடன் நோய்கள் நுழைந்தன, ஊர்கள் வெறுமையாயின. 1977-இல் ஆண்டுஜாரை அரசு அங்கிருந்து வெளியேற்றியது. மறு ஆண்டே அவர், பாதிரியார் ஒருவரோடும் மானிடவியலார் புரூஸ் ஆல்பெர்ட்டோடும் சேர்ந்து, அம்மக்களின் நிலவுரிமைக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1981 முதல் 1983 வரை மருத்துவர்களோடு காட்டினுள் சென்று தடுப்பூசிப் பணிக்கு உதவினார். பெயரைச் சொல்லாத மக்களுக்கு மருத்துவக் குறிப்பு எழுதுவது எப்படி? கழுத்திலே எண் எழுதிய அட்டையை மாட்டி ஒவ்வொருவரையும் படமெடுத்தார். அந்தப் படங்களைப் பிற்காலத்தில் நோக்கியபோது, தம் இளமையில் மஞ்சள் விண்மீன் குத்தப்பட்டுச் சாவுக்கு அனுப்பப்பட்ட யூத உறவினர்கள் அவர் நினைவில் எழுந்தனர். அங்கே அடையாளம் சாவதற்கு. இங்கே அடையாளம் வாழ்வதற்கு. ஒரே வகைப்பட்ட குறி, நோக்கத்தால் இரண்டாகின்றது. ‘நிய்யத்’ என்னும் சொல்லுக்கு இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டை நாம் கண்டதில்லை.

ஷாபோரியும் தலைவருமான டாவி கோபெனாவா போன்றோர், வெளியுலகம் தம்மை அறிய உதவும் என்று கருதி இப்படங்களை ஏற்றனர். 1967-இல் தட்டம்மைக்குத் தாயைப் பறிகொடுத்தவர் அவர். பின்னர் தம் வரலாற்றைப் புரூஸ் ஆல்பெர்ட்டிடம் வாய்மொழியாகக் கூற, அது 2010-இல் பிரெஞ்சு மொழியில் நூலாயிற்று. வெள்ளையர் மறதி மிகுந்தவர்கள். அதனால்தான் சொற்களைத் தாளில் வரைந்து வைக்கின்றனர் என்று அவர் அதிலே கூறுகின்றார். மனனத்தால் மறை காத்த சமூகத்தில் பிறந்த நமக்கு அக்கருத்து நெருக்கமாகவே பட்டது.

1992 மே மாதம், 96,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலப்பரப்பைப் பிரேசில் அரசு யனோமாமியருக்கு உரியதென வரையறுத்தது. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு அது. படங்கள் மட்டுமே அதைப் பெற்றுத் தந்தன என்று சொல்லமாட்டோம். அம்மக்களின் போராட்டமே முதற்காரணம். ஆனால் படங்கள் அப்போராட்டத்தில் ஊழியம் செய்தன. துன்பம் முடிந்துவிடவும் இல்லை. சட்டத்துக்குப் புறம்பாகப் பொன் தோண்டுவோர் மீண்டும் பெருகி, 2023 ஜனவரியில் அங்கே அரசு மருத்துவ நெருக்கடிநிலையை அறிவிக்க நேர்ந்தது. அதே ஆண்டு நியூயார்க்கில் நடந்த கண்காட்சியில், ஆண்டுஜாருடைய படங்களோடு யனோமாமி ஓவியர்களும் திரைப்படக் கலைஞரும் ஆக்கியவை அருகருகே இடம்பெற்றன.

கர்ட்டிஸுக்கும் ஆண்டுஜாருக்கும் இடையே உள்ள வேறுபாடு திறமையில் இல்லை; இருவரும் பேராற்றல் பெற்றவர்களே. ஒருவர் அம்மக்களின் கடந்த காலத்தைக் காக்க வந்தார். மற்றவர் அவர்களின் நாளைக்காக அவர்களோடு நின்றார். முன்னவர் கையில் இருந்தது கண்டெடுத்த பொருள். பின்னவர் கையில் இருந்தது அமானிதம்.

இதெல்லாம் எங்கோ காட்டில் வாழ்வோர் கதை என்று எண்ண வேண்டா. மக்கா நகரில் 1880-களில் வாழ்ந்த மருத்துவர் அப்துல் கஃபார் அவர்கள் அந்நகரையும் அங்கு வந்த ஹாஜிகளையும் படமெடுத்தார்கள். அப்படங்களைப் பெற்று நூலாக வெளியிட்ட டச்சு அறிஞர் ஸ்னூக் ஹர்குரோன்யே, 1889-இல் வந்த தொகுப்பில் அம்மருத்துவரின் அரபுக் கையொப்பத்தை நீக்கிவிட்டார். பிற்கால ஆய்வாளர்களின் முயற்சியால்தான் அப்பெயர் மீண்டது. பீகன் கூடாரத்தில் கடிகாரம் போனது. இங்கே பெயர் போனது.

இவையனைத்தையும் மாணவரிடம் எடுத்துரைத்து, அவரை அழைத்துக்கொண்டு நம் பெரியம்மாவிடம் சென்றோம். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. மாலைகள் பலவற்றை ஏடு பாராமல் ஓதுபவர்கள். மாணவர் அடக்கத்தோடு தம் விருப்பத்தைச் சொன்னார்.

“எடுத்துக்கொள் வாப்பா. ஆனால் நான் ஓதும்போது எடுக்காதே, ஓதி முடித்தபின் எடு” என்றார்கள் பெரியம்மா. பிறகு, “புத்தகத்துக்கு என்ன பெயர்?” என்று கேட்டார்கள்.

மாணவர் தயங்கித் தயங்கித் தலைப்பைச் சொன்னார்.

“யார் மறைகிறது? வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு வந்து பார். ஏழெட்டுப் பெண்பிள்ளைகள் என்னிடம் ஓத வருகின்றன. அதிலே ஒருத்தி போனில் பதிந்து வைத்துக்கொண்டு ராகம் பழகுகிறாள். அவளையும் சேர்த்து எடு.”

மாணவர் நம்மைப் பார்த்தார். அவருடைய படங்களில் அதுவரை கைப்பேசி ஒன்றுகூட இடம்பெற்றதில்லை. இடம்பெறாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் பெரியம்மாவைப் போல் இசையவில்லை. மூவர் மறுத்துவிட்டனர். அவர்களுள் ஒருவர் ஊரிலேயே இனிய குரல் உடையவர். பிறர் மறந்துவிட்ட நீண்டதொரு மாலை அவருக்கு மட்டுமே முழுமையாகத் தெரியும். மாணவருக்குத் தாங்கமுடியாத ஏக்கம். “ஹஜ்ரத், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் இணங்குவார்கள். இல்லையென்றால் அது அவர்களோடு போய்விடுமே!” என்று மன்றாடினார்.

அவர் கூறியது பொய்யன்று. போய்விடக் கூடும். போனால் மீட்க இயலாத இழப்பு என்பதையும் நாம் அறிவோம். தமிழும் அரபும் கற்ற நமக்கு அந்த மாலையின் அருமை தெரியாதா? ஆயினும் நாம் சொல்லவில்லை. மறுக்க உரிமையில்லாதவரின் சம்மதம் சம்மதமாகாது. அமெரிக்காவின் ஹோப்பி இனத்தார், வெளியார் தம் ஊர்களில் படமெடுப்பதை இன்றும் அனுமதிப்பதில்லை. காட்டாமல் காப்பதும் ஒரு காவலே. அவ்வம்மையாரிடம், விரும்பினால் தம் பேர்த்திக்கு அம்மாலையை ஓதிக்கொடுக்குமாறு மட்டும் வேண்டிக்கொண்டோம். பார்க்கலாம் என்றார்கள். அதற்குமேல் வற்புறுத்த நமக்கு உரிமையில்லை.

மாணவர் நூலை இன்னும் முடிக்கவில்லை. புதுத் தலைப்பும் அகப்படவில்லை. ஆனால் எடுத்த படங்களை அச்சிட்டு, முதற்பிரதியை அந்தந்த மூதாட்டியரிடமே தந்துவிட்டார். வேண்டாம் என்று அவர்கள் ஒதுக்கிய இரு படங்களைத் தம் கணினியிலிருந்தும் அழித்துவிட்டார். அவற்றுள் ஒன்று அவருக்கு மிகவும் பிடித்தமான படம்.

இன்று ஒவ்வோர் இல்லத்திலும் காமிரா இருக்கின்றது. பாட்டியாரை, பாய் முடைபவரை, வலை பின்னுபவரை, திருவிழாக் கூட்டத்தை, மலைவாழ் மக்களை நம் பிள்ளைகள் நாள்தோறும் படமெடுக்கின்றனர். எடுத்த நொடியில் உலகுக்கு அனுப்பியும் விடுகின்றனர். அவர்களுக்கு நாம் கற்றுத்தர வேண்டியவை கடினமானவை அல்ல. எடுக்குமுன் கேட்க வேண்டும். கேட்டபின் கிடைக்கும் மறுப்பை மதிக்க வேண்டும். நமக்குப் பிடிக்காத கடிகாரத்தை அழிக்கலாகாது. எடுத்தவர் பெயரையும் இருப்பவர் பெயரையும் படத்தின் பின்னே எழுதிவைக்க வேண்டும். உரியவர் கேட்டால் கொடுக்க வேண்டும். பணப்பைக்கும் தானிய மூட்டைக்கும் நாம் ஓதிக்கொடுக்கும் சட்டம்தான் இது. இவ்வாண்டு முதல், வதீஅத் பாடம் வரும்போது, எடுத்துக்காட்டுகளோடு ஒரு புகைப்படத்தையும் சேர்த்துக்கொண்டிருக்கின்றோம்.